மூன்றாம் கோடையின் புகை

ஊரை ஏமாற்றுவதற்காக நான் ஒரு சாக்குச் சாம்பலைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். அடுப்பிலிருந்து சும்மா அள்ளிய சாம்பல் இல்லை. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து, பட்டிக்கு வேலி போட மேட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்த முள்ளை மட்டும் எரித்து எடுத்த சாம்பல். இந்த யோசனை என் கணவர் மொஹாவுடையது. கால் ஒடிந்ததிலிருந்து அவருக்கு மூளை கொஞ்சம் அதிகமாகவே ஓடுகிறது.

"வீட்டுச் சாம்பலைக் கொண்டுபோனா, அடுப்பைப் பாக்க வர்ற ஹம்மாதி மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவாரு," என்றார். "நாம எரிக்கிறது அக்ரூட் கட்டை. மேல எவன் அக்ரூட் எரிக்கிறான்? செய்றதை ஒழுங்காச் செய், இத்தோ."

"செய்யாதேன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் நான் எதுக்கு வாயை வலிக்க வெச்சுக்கணும்?"

எல்லாம் எங்கள் அஸீபுக்காக. மேட்டுப்புல்லின் விளிம்பில், ஊற்றுக்கு மேலே, நான்கு கல் சுவரும் மண் கூரையுமாக ஒரு அறை. பக்கத்தில் முள்வேலி போட்ட பட்டி. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே அஸீப் இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பக்கத்துப் புல்லும் ஊற்றுத் தண்ணீரும். அது போனால் எங்கள் அறுபது ஆடும் போன மாதிரி. கோடையில் கீழே பள்ளத்தாக்கில் ஆடு தின்பதற்குக் கல்தான் இருக்கிறது.

இரண்டு நாளுக்கு முன்னால் ஊர்க் கூட்டம். ஆண்கள் பள்ளிவாசல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் பக்கத்துக் கூரையில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டு, அதாவது ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு இருந்தோம். நகரத்திலிருந்து அனஸ் என்று ஒரு இளைஞர் வந்திருந்தார். மேட்டில் உள்ள அஸீப் எல்லாவற்றையும் பட்டியல் எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைதான். ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில் 'கட்டடத்தின் வகை' என்று ஒரு கட்டம். அதில் வீடு, கிடங்கு, தொழுவம், இடிபாடு என்று நான்கே நான்கு.

"அஸீப்னா இதுல எது?" என்று கேட்டார்.

புல்லுக்கு அந்த வருடத் தலைவராக, எங்கள் அம்காராக, ஹம்மாதி மாமாவைத் தேர்ந்தெடுத்திருந்தோம். எந்த நாளில் மேட்டைத் திறப்பது, எவன் ஆடு எந்தப் பக்கம் மேயும், எல்லாம் அவர் வார்த்தைதான். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "வருஷத்துல ஒம்பது மாசம் நாம இல்லாத வீடு," என்றார்.

"அது ஆட்டோட வீடு," என்று இன்னொருவர் சொன்னார். "போனாப் போகுதுன்னு நம்மளையும் உள்ள விடுது."

அனஸ் படித்தவர் இல்லையா? அந்தச் சொல் ரொம்பப் பழையது, தூரமாகப் போவது என்ற பொருளிலிருந்து வந்தது, அரபியில் கல்யாணமாகாதவனைச் சொல்கிற வார்த்தைக்கும் அதுதான் வேர் என்று விளக்கினார். முற்றத்து ஓரத்தில் முக்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த என் கணவருக்கு அது போதுமாக இருந்தது.

"ரொம்பச் சரி தம்பி. பொண்டாட்டி சத்தம் கேக்காத தூரம். அப்படியே எழுதிக்கோ."

கூட்டமே சிரித்தது. நான் கூரையிலிருந்து ஒரு உருண்டை அழுக்குக் கம்பளியை அவர் தலையில் போட்டேன். இருபது கோடை அங்கே அவருக்கு ரொட்டி சுட்டுப் போட்டவள் நான்.

அப்போதுதான் பஸ்ஸு எழுந்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மகனுக்குப் போன இலையுதிர் காலத்தில் கல்யாணம் முடிந்திருக்கிறது. ஆடு பிரித்துக் கொடுத்துவிட்டார், மேய்க்க இடம் இல்லை.

"எல்லாரும் சொன்னீங்க, ஒண்ணை விட்டுட்டீங்க," என்றார். "புகை வந்தாத்தான் அஸீப். மூணு கோடை புகை வரலைன்னா அது ஊருக்குச் சொந்தம், கேக்கிறவனுக்கு ஊரு குடுக்கும். இது நான் சொல்றதில்ல, நம்ம அப்பன் பாட்டன் வெச்சது. மொஹாவோட அஸீப்ல புகை பாத்தவங்க யாரு?"

சிரிப்பு நின்றது. அவர் சொன்னது பொய் இல்லை. முதல் கோடையில் மொஹா வயல் சுவரிலிருந்து விழுந்தார். இரண்டாம் கோடையில், கோணலாகக் கூடிய எலும்பை நகரத்து மருத்துவமனையில் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். மூன்றாம் கோடையிலும் அவரால் நடக்க முடியவில்லை. மூன்று முறையும் ஆடுகளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் அண்ணனிடம் விட்டோம். மூன்று கோடையும் நான் இங்கே கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன்.

ஹம்மாதி மாமா சுற்றிப் பார்த்தார். "விருந்தாளி மூட்டுன தீயும் வீட்டுக்காரனோட தீதான். மழைக்கோ பனிக்கோ யாராவது அங்க ஒதுங்குனீங்களா?"

அதுவும் எங்கள் வழக்கம். மேட்டில் எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது. வானம் கெட்டுப்போனால் யார் வேண்டுமானாலும் யாருடைய அஸீபிலும் நுழையலாம், விறகை எரிக்கலாம். போகும்போது எரித்த விறகுக்குப் பதில் விறகு அடுக்கிவிட்டு, அடுப்புக்கு மேலே உள்ள மாடத்தில் ஒரு கைப்பிடி உப்பைத் துணியில் முடிந்து வைத்துவிட வேண்டும். உப்பு வைத்தவன் விருந்தாளி, வைக்காதவன் திருடன்.

எல்லோரும் இல்லை என்று தலையை அசைத்தார்கள். என் கணவர் தலையில் ஒட்டியிருந்த கம்பளியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"நாளை கழிச்சு, புல் திறக்கிறதுக்கு முந்தின நாள், நாங்களே போய் அடுப்பைப் பாத்துட்டு முடிவு சொல்றோம்," என்றார் ஹம்மாதி மாமா.

அதனால்தான் சாம்பல். அடுப்பில் கொஞ்சம் கொட்டி, மாடத்தில் உப்பும் வைத்துவிட்டால், எவனோ வழிப்போக்கன் தங்கிவிட்டுப் போனான் என்று ஆகிவிடும். வெள்ளைத் துணியில் முடிந்த உப்பையும் இடுப்பில் செருகியிருந்தேன். அந்த உப்பைச் செருகும்போது மட்டும் கை கூசியது. அதை ஒளிக்க மாட்டேன்.

விடிவதற்கு முன்னால் கிளம்பும்போது மொஹா சொன்னார்: "நான் களத்துல போய் உக்காந்திருக்கேன். நல்லபடியா முடிஞ்சா ஈர முள்ளைப் போட்டு நல்லாப் புகை விடு. நான் தேத்தண்ணித் தட்டை வெயில்ல காட்டுறேன்."

"ஊன்றுகோலை ஊன்றிக் களம் வரைக்கும் நடப்பீங்களா?"

"தவழ்ந்தாவது போறேன். நீ கிளம்பு."

வெயில் ஏறும்போது மேலே சேர்ந்தேன். மூன்று வருடம் பார்க்காத சுவர் அப்படியே நின்றது. கழுதையைக் கதவோரம் கட்டிச் சாக்கை இறக்கி வைத்தேன். கதவைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தபோதே ஏதோ சரியில்லை. நான் இரட்டை முடிச்சுப் போடுகிறவள். இது ஒற்றைச் சுருக்கு.

உள்ளே போனேன். மூன்று கல்லுக்கு நடுவில் சாம்பல் இருந்தது. வெள்ளையாக, நடுவில் பாதி எரிந்த ஒரு முள்கட்டையோடு. சுவரோரம் நான் விட்டுப்போன முள்விறகு இல்லை. அந்த இடத்தில் வேறு கை வெட்டிய முள் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மாடத்துக்குள் கையை விட்டேன். உப்பு முடிச்சு கையில் தட்டுப்பட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் அழுதேன். அப்புறம் சிரித்தேன். நேற்று முழுக்கப் புகையில் இருமி இருமிச் சாம்பல் செய்தேனே, அதை நினைத்து.

பிறகுதான் துணியைச் சரியாகப் பார்த்தேன். பழைய போர்வையின் ஒரு துண்டு. கறுப்பு, காவி, கறுப்பு, ஓரத்தில் பச்சையில் ஒரே ஒரு இழை. ஒவ்வொரு வீட்டுப் போர்வைக்கும் ஒரு கோடு உண்டு. நெய்கிற எங்களுக்கு எல்லா வீட்டுக் கோடும் தெரியும். ஆண்களுக்குத் தங்கள் மேல் கிடக்கிறது மட்டும்தான் தெரியும். அந்தப் பச்சை இழை தமுவுடையது. பஸ்ஸுவின் மனைவி.

எனக்குப் புரிந்துபோயிற்று. போன கோடை முடியும் நாட்களில் பெரிய ஆலங்கட்டி மழை. பஸ்ஸு சந்தைக்குப் போயிருந்தார். தமு தங்கள் அஸீபுக்குத் திரும்ப முடியாமல் ஆடுகளோடு மாட்டிக்கொண்டு, பாறைக்கு அடியில் ஒரு ராத்திரி ஒதுங்கியதாக ஊரெல்லாம் சொன்னாள். பாறையாவது ஒன்றாவது. இங்கே வந்திருக்கிறாள். வந்ததைச் சொல்ல மனசு வரவில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்னால், துணி துவைக்கிற இடத்தில், அத்தனை பெண்களும் இருக்கும்போது, அவள் வெண்ணெயில் கிடா நாற்றம் அடிக்கிறது என்று சொன்னவள் நான். அதற்குப் பிறகு நான் ஏறுகிற கூரையில் அவள் ஏறுவதில்லை. கூட்டத்தன்றும் வரவில்லை. என் வாய் எனக்கே குழி தோண்டியிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாக்கை மறந்தே போனேன். அது வாற்கோதுமை போட்டிருந்த சாக்கு. கழுதைக்கு அந்த வாசனை போதும்.

வெளியே இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். கழுதை சாக்கைக் கிழித்து மூக்கை விட்டிருந்தது. வாசல் முழுக்கச் சாம்பல். அதன் முகம் முழுக்கச் சாம்பல். அதற்கு அப்பால், மதியம் வருவதாகச் சொன்ன ஹம்மாதி மாமாவும், படிவத்தோடு அனஸும், பஸ்ஸுவும் நின்றுகொண்டிருந்தார்கள். கழுதை அவர்களைப் பார்த்து இன்னொரு தரம் இருமியது.

முதலில் பேசியது பஸ்ஸு. "புகை வரலைன்னா என்ன மாமா, சாம்பலே நடந்து வந்திருக்கு பாருங்க."

ஹம்மாதி மாமா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். உள்ளே போனார். அடுப்புச் சாம்பலிலும் ஒரு சிட்டிகை எடுத்தார். வெளியே வந்தவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ரெண்டும் முள்ளுச் சாம்பல். உன்னை நான் இப்படி நெனைக்கல, இத்தோ."

மொஹாவின் மூளையை அந்த நிமிடம் மனதாரத் திட்டினேன். அக்ரூட் சாம்பலைக் கொண்டுவந்திருந்தால், அடுப்பில் இருப்பது வேறு, சாக்கில் இருப்பது வேறு என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

"மாமா, நான் கொண்டுவந்தது நெசம். கொட்டணும்னுதான் கொண்டுவந்தேன். ஆனா கொட்டலை. உள்ள இருக்கிறது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"உப்பு?"

இடுப்பிலிருந்து வெள்ளை முடிச்சை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். "இது என் பொய். வெச்சுக்கோங்க."

அனஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். ஹம்மாதி மாமா திரும்ப ஆரம்பித்தார். அவர் திரும்பி நான்கு அடி வைத்துவிட்டால் அஸீப் போயிற்று, ஆடு போயிற்று, களத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் நான் வெறும் வாயோடு போய் நிற்க வேண்டும். தமு பெயரைச் சொல்லிக் கத்தலாம்தான். ஆனால் சாம்பலைச் சுமந்து வந்தவள், ஒரு துணியையும் எங்காவது பொறுக்கி வந்திருக்க மாட்டாளா? என்னை இனி யார் நம்புவார்கள்? அதோடு, அவள் பத்து மாதமாக மறைத்ததை அவள் புருஷனின் முன்னால் நான் போட்டு உடைப்பதா? வெண்ணெய் விஷயம் ஒன்றே போதும்.

மாடத்து முடிச்சைக் கொண்டுபோய் பஸ்ஸுவின் கையில் வைத்தேன்.

"பஸ்ஸு அண்ணே, இது மாடத்துல இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. இது எந்த வீட்டுத் துணின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் கீழ போயிடுறேன்."

அவர் அலட்சியமாகத்தான் வாங்கினார். அப்புறம் கட்டைவிரல் அந்தப் பச்சை இழை மேல் நின்றுவிட்டது. துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தோளில் கிடந்த தன் போர்வையின் ஓரத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹம்மாதி மாமா அதைக் கவனிக்கவில்லை, அவர் தூரத்தில் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸு போர்வையைச் சட்டென்று தோளில் போட்டுக்கொண்டார். அவர் சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை தேவையில்லை. மகனுக்கு அஸீப் கிடைத்துவிடும். அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

முடிச்சை அவிழ்த்து ஒரு கல் உப்பை வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றார்.

"மாமா, போகாதீங்க," என்றார். "இது எங்க வீட்டு உப்பு."

"என்னது?"

"தமு வெச்சது. அந்த ஆலங்கட்டி மழை அன்னிக்கு. பாறைக்கு அடியில இருந்தேன்னு என்கிட்ட சொன்னா. நாப்பது ஆட்டுல ஒண்ணு சாகலை, எப்படின்னு நானும் யோசிக்கலை." அவர் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கூட்டத்துலேர்ந்து வந்து ரெண்டு நாளாச்சு. அவ எனக்கு ரொட்டியை வெக்கிறதில்ல, வீசுறா. ஏன்டின்னு கேட்டா, உங்க புகையைப் போய்த் தேடுங்கன்றா. இப்பத்தான் புரியுது."

ஹம்மாதி மாமா துணியை வாங்கிப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல இறங்கியது. "போன கோடை முடியறதுக்குள்ளதானே?"

"புல் மூட இன்னும் பத்து நாள் இருந்துச்சு."

"அப்ப மூணாவது கோடைக்குப் புகை இருக்கு. மொஹாவோட அஸீப் மொஹாவுக்குத்தான்."

கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

"நில்லு," என்றார் மாமா. "பொய் சொல்ல வந்ததுக்கு அபராதம் உண்டு. நாளைக்குப் புல் திறக்கும்போது மேல வர்ற எல்லாருக்கும் உன் வாசல்ல சாப்பாடு."

"போடுறேன் மாமா. ஆனா அத்தனை பேருக்கு வெண்ணெய் இல்லை."

"வெண்ணெய் நான் கொண்டாறேன்," என்றார் பஸ்ஸு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "தமு கடைஞ்சது."

மாமாவும் என்னையே பார்த்தார். துணி துவைக்கிற இடத்துப் பேச்சு ஆண்கள் வரைக்கும் போயிருந்தது போல.

"நல்ல வெண்ணெய்," என்றேன். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். அவளையும் வரச் சொல்லுங்க."

பஸ்ஸுவின் மகனுக்கு இடம் இல்லை என்பது அப்படியேதான் இருந்தது. எங்கள் பட்டியின் வடக்குச் சுவரை ஒட்டி இன்னொரு அறை கட்டலாம், புல்லும் தாங்கும். அது எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன். சாம்பலே நடந்து வந்திருக்கு என்றாரே.

அனஸ் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, இப்ப நான் இதுல என்ன எழுதறது? வீடா, தொழுவமா?" என்று கேட்டார். பாவம், இரண்டு நாளாக அதே கேள்வி.

"பகையாளி வந்து தூங்கிட்டு உப்பு வெச்சுட்டுப் போற இடம்னு எழுதுங்க தம்பி."

"கட்டத்துல அவ்வளவு இடம் இல்லைம்மா."

"அப்ப அஸீப்னே எழுதுங்க. தெரியாதவங்க நேர்ல வந்து பாத்துக்கட்டும்."

அவர் நான்கு வகையையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, ஓரத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதினார்.

நான் தமு அடுக்கிய முள்ளை எடுத்து அடுப்பு மூட்டினேன். கொண்டுவந்த சாம்பலும் வீணாகவில்லை. மூன்று வருடத் துருப்பிடித்த கெட்டிலை அதைக்கொண்டு பளபளவென்று தேய்த்தேன். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் ஊற்றோரத்துப் பச்சை முள்ளைப் பிடுங்கித் தீயில் போட்டேன். கூரை ஓட்டை வழியாகப் புகை திரண்டு எழுந்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

கீழே, ரொம்பக் கீழே, களம் ஒரு நாணயம் அளவுக்குத் தெரிந்தது. ஒன்றும் இல்லை. நடக்க முடியாமல் பாதியில் விழுந்துவிட்டாரோ என்று பயம் வந்தது. அப்போது அங்கே ஒரு வெளிச்சம் மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது. அப்புறம் நிற்கவே இல்லை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து ஆட்டுகிறார் போல.

நான் முக்காட்டு ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புகைதான் காரணம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பஸ்ஸு தேநீர்க் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கீழே அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி ஆட்டுறான்னா, ஊன்றுகோலை விட்டுட்டுத்தான் நிக்கிறான்," என்றார். "ரெண்டு கையும் தட்டுலதான் இருக்கு."